எலுமிச்சம்பழத்துக்கு அனுமதி வாங்கினீர்களா?

போன திங்கட்கிழமை காலை. என் வீட்டுக் கூடத்தில் ஒரு மனிதர் நின்றுகொண்டு, சுவரில் மாட்டியிருக்கும் டெலிபோன் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார். காக்கிக் கோட்டு. கையில் தோல் பை. பைக்குள் ஒரு தடித்த விதிப் புத்தகம். டெலிபோன் ஆபீஸ் இன்ஸ்பெக்டர்.

பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, பிரெஞ்சு மரியாதையோடு கேட்டார்.

"முசே, இந்த எலுமிச்சம்பழத்துக்கு அனுமதி வாங்கினீங்களா?"

நான் பதில் தெரியாமல் விழித்த கேள்விகள் நிறைய உண்டு. கரும்பு ஏன் இவ்வளவு ஒல்லி என்று மில்காரர் கேட்டிருக்கிறார். கட்டுரை ஏன் இவ்வளவு ஒல்லி என்று இந்தப் பத்திரிகை ஆசிரியர் கேட்டிருக்கிறார். ஆனால் எலுமிச்சம்பழத்துக்கு அனுமதியா? மரத்திலிருந்து பறித்தபோது மரம்கூட அப்படி எதுவும் சொல்லவில்லையே!

வாராவாரம் என் புலம்பலைப் படிப்பவர்களுக்கு இந்த டெலிபோனைத் தெரியும். அது வந்த வாரம் நான் அடித்துக்கொண்ட தம்பட்டம் அப்படி. புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கிராண்ட் பே கடற்கரையிலிருந்து உள்ளே தள்ளி, கரும்புக்கு நடுவில் இருக்கிறது. எல்லாரும் சின்னத் தோட்டக்காரர்கள். ஆளுக்கு ஒரு துண்டு நிலம். வெட்டுக் காலத்தில் கரும்பை வெட்டி, மாட்டு வண்டியில் ஏற்றி, பலான்ஸுக்குக் கொண்டுபோக வேண்டும். பலான்ஸ் என்றால் கரும்பை நிறுத்து மில்லின் வாகன்களில், அதாவது தண்டவாளத்தில் ஓடும் சரக்குப் பெட்டிகளில், ஏற்றுகிற இடம். வாகன் என்றைக்கு வரும், எந்த நேரத்தில் வரும் என்பதை மில்தான் சொல்ல வேண்டும். முன்பு யாராவது நடந்துபோய்க் கேட்டு வருவார்கள். இப்போது மில்லுக்கு நாகரிகம் வந்துவிட்டது. டெலிபோனில்தான் சொல்லுவோம் என்கிறார்கள்.

ஊருக்கு ஒரே டெலிபோன். பிரெஞ்சு கொஞ்சம் பேசுவான், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிப் படிப்பான் — இந்தக் குற்றத்துக்காக அதை என் வீட்டில் மாட்டிவிட்டார்கள்.

பெட்டி வந்த அன்று ஊரே கூடியது. பூசாரி தேங்காய் உடைத்தார். பெட்டிமேல் இருந்த இரண்டு மணிகளுக்கும் சந்தனம், குங்குமம். பிறகு மஞ்சளில் முக்கிய நூலில் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கோத்து, பெட்டியைச் சுற்றிக் காப்புக் கட்டினார்.

"கடைசிக் கரும்பு மில்லுக்குப் போற வரைக்கும் இந்தக் காப்பை யாரும் தொடக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெருமழை வரக் கூடாது, மாடு நொண்டக் கூடாது, வாகன் நேரத்துக்கு வர வேண்டும்... ஊரின் வேண்டுதல் முழுக்க அந்த ஒரு பழத்தில் தொங்கியது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. பகலில் நாங்கள் எல்லாரும் தோட்டத்தில். டெலிபோன் கூடத்தில் கத்தினால் எங்களுக்கு எப்படிக் கேட்கும்? என் மனைவி பார்வதி வீட்டில் இருப்பாள்தான். ஆனால் அவளுக்கு முழங்கால் வலி. நொண்டி நொண்டித் தோட்டத்துக்கு வந்து சொல்வதற்குள் வாகன் மில்லுக்கே திரும்பிப் போயிருக்கும்.

அவளுடைய தம்பி வேலாயுதன் அதற்கு ஒரு வழி செய்தான். ரோஸ் ஹில்லில் ஒரு பெரிய வீட்டுச் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, பழைய டெலிபோன் மணி ஒன்றை எடுத்து வந்தான். என் பெட்டியிலிருந்து கம்பி இழுத்து, மூங்கில் கழிகள்மேல் கொண்டுபோய், தோட்டத்து ஓரத்து மாமரத்தில் அந்த மணியைத் தொங்கவிட்டான். வீட்டில் அடித்தால் மாமரத்திலும் அடித்தது! அன்று அவன் நடந்த நடையைப் பார்த்திருக்க வேண்டும். டெலிபோனைக் கண்டுபிடித்தவரே அவனிடம் யோசனை கேட்டுக் கப்பலேறி வரப்போகிறார் என்கிற நடை.

சரி, இன்ஸ்பெக்டருக்கு வருகிறேன்.

அவர் சும்மா வரவில்லை. எங்கள் கம்பியில்தான் போலீஸ் ஸ்டேஷனும் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. சில நாட்களாக அந்தக் கம்பியில் யார் பேசினாலும் எண்ணெயில் அப்பளம் பொரிகிற சத்தம் கேட்கிறதாம். எங்கே பொரிகிறது என்று ஒவ்வொரு கம்பமாகத் தேடிக்கொண்டு வந்தவர், என் வீட்டில் வந்து நின்றார்.

மாமரத்தைத்தான் முதலில் பார்த்தார்.

"அது என்ன?"

"மணி" என்றேன்.

"மணின்னு தெரியுது, முசே. யாரு கொடுத்த மணி? ஆபீஸ் கம்பியில ஆபீஸ் கொடுக்காத எதையும் சேர்க்கக் கூடாது. பா காஞ் த்ருவா!"

பா காஞ் த்ருவா. அனுமதி கிடையாது. நம் தீவில் பிறந்த குழந்தை அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொள்கிற கிரியோல் இதுதான் என்று நினைக்கிறேன். அன்று ஆரம்பித்து வாரம் முழுக்க இதையே கேட்டேன்.

மணிக் கம்பியை நறுக்கென்று வெட்டிவிட்டார். வேலாயுதனின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்துத்தான் கூடத்துக்கு வந்து எலுமிச்சம்பழத்தைப் பிடித்தார்.

"நூல் ஈரமா இருக்கு. இந்தத் திருகாணியையும் அந்தத் திருகாணியையும் தொட்டுக்கிட்டு இருக்கு. பழம் வேற அழுகிச் சாறு விடுது. பேச்சு பூரா இது வழியா ஒழுகுது, முசே. ஆஸ்பத்திரிக்குக் கேட்கிற இரைச்சல் இதுதான்."

நியாயம்தான். ஒத்துக்கொள்கிறேன். பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவச்சியைக் கூப்பிடுகிறவர் காதில் என் வீட்டுப் பழம் பொரியலாமா? விதி போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. ஒரே கம்பியில் பலர் வாழ்கிறோம், அவனவன் இஷ்டத்துக்கு ஒன்றைத் தொங்கவிட்டால் என்ன ஆவது?

"அப்படின்னா எடுத்துடுங்க" என்றேன்.

அவர் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார். நூல் வரைக்கும் கொண்டுபோனார். நின்றார். அப்போதுதான் கவனித்தேன், தொப்பிக்குக் கீழே நெற்றியில் லேசாகத் திருநீறு. அதுவரை கிரியோலும் தமிழும் கலந்து என்னிடம் அதிகாரம் பண்ணியவர், பார்வதி பக்கம் திரும்பி மெல்லிய குரலில் கேட்டார்.

"அம்மா... இது சும்மா திருஷ்டிக்குக் கட்டினதா? இல்ல, காப்பா?"

"காப்பு தம்பி. வெட்டு முடியற வரைக்கும். ஊர்க் காப்பு."

கத்தரிக்கோல் பைக்குள் திரும்பிப் போனது.

"அப்ப நான் தொட மாட்டேன்மா. ரோஸ் ஹில்ல எங்க வீட்லயும் காவடி எடுக்கிறோம். ஊர்க் காப்பை அறுத்தா எனக்கு ஆகாது. முசே, நீங்க அறுத்துடுங்க."

"நானா? நான் இந்த ஊர்லதானே குடியிருக்கணும்!"

"அம்மா, நீங்க..."

பார்வதி பார்த்த பார்வையில் மனிதர் மீதிக் கேள்வியை விழுங்கிவிட்டார்.

விதிப்படி பழம் அங்கே இருக்கக் கூடாது. சாமிப்படி பழத்தை எடுக்கக் கூடாது. இரண்டையும் காப்பாற்ற இன்ஸ்பெக்டர் ஒரு வழி கண்டுபிடித்தார் பாருங்கள். விறுவிறுவென்று வெளியே போனார். கம்பத்தில் ஏணியைச் சாத்தி ஏறினார். என் வீட்டுக்கு வருகிற கம்பியையே வெட்டிவிட்டார்!

பழம் இருந்த இடத்திலேயே இருந்தது. டெலிபோன்தான் செத்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை என்பார்களே, அதை அன்று நேரில் பார்த்தேன்.

"மறுபடி எப்போ வரும்?" என்று கீழே நின்று கத்தினேன்.

"போர்ட் லூயி ஆபீஸ்ல எழுதிக் கொடுங்க. பழத்தை எடுங்க. எடுத்த பிறகு நான் வந்து பார்த்துட்டு இணைச்சுத் தர்றேன்" என்று மேலே இருந்து பதில் வந்தது.

இது எனக்கு எரிச்சல், அவ்வளவுதான். முனியம்மா அக்காவுக்கு இது வாழ்வா சாவா என்கிற விஷயம்.

முனியம்மா அக்கா எங்கள் தெருக்கோடி வீடு. புருஷன் போன பிறகு அந்தத் துண்டு நிலத்தை ஒற்றை ஆளாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறாள். குத்தகை நிலம். இந்த வருஷக் கரும்பு ஒழுங்காக மில்லுக்குப் போனால்தான் நிலம் அவள் கையில் நிற்கும். "இந்த வாரம் உனக்கு வாகன், வெட்டித் தயாராக வை, நேரத்தை டெலிபோனில் சொல்கிறோம்" என்று மில்லில் சொல்லியிருந்தார்கள். அவளும் அன்று விடியற்காலையிலேயே ஆள் வைத்து எல்லாவற்றையும் வெட்டிப் போட்டுவிட்டாள். வெட்டிய கரும்பு காத்திருக்குமா? வெயிலில் காயும், எடை குறையும், புளிக்கும். புளித்தால் மில்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு திருப்பி அனுப்பிவிடுவார்.

செய்தி கேட்டதும் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"தம்பி, இப்ப மில்லு பேசினா யாருக்குக் கேட்கும்?"

மறுநாள் நான் போர்ட் லூயிக்கு ரயிலேறினேன். அவள் மில்லுக்கே நடந்தாள்.

மில்லில் அவளுக்குக் கிடைத்த பதிலைக் கேளுங்கள்: "வாகன் இன்னும் முடிவாகல. முடிவானதும் டெலிபோன் பண்ணுவோம், போ."

டெலிபோன் செத்துவிட்டது என்று சொல்லத்தான் ஐயா அவள் அவ்வளவு தூரம் நடந்து வந்தாள்!

போர்ட் லூயியில் எனக்கு நடந்தது இதைவிட அழகு. வேலாயுதனின் மணியைக் கோணியில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். அனுமதி இல்லாததுதானே குற்றம்? அனுமதி வாங்கிவிட்டால் போயிற்று! அப்படி நினைத்தேன். நான் இன்னும் வெள்ளந்தி மனிதன் என்பது இதிலிருந்து தெரிகிறது.

முதல் ஜன்னலில் பழத்தைப் பற்றிக் கேட்டார்கள்.

"வீட்டில் இணைக்கப்பட்டிருந்த பொருள் என்ன?" என்று குமாஸ்தா கேட்டார்.

"எலுமிச்சம்பழம்."

"தயாரிப்பாளர் யார்?"

"மரம்."

அவர் சிரிக்கவில்லை. நான் வேடிக்கைக்குச் சொன்னதாகவும் நினைக்கவில்லை. எழுதிக்கொண்டார். பழத்தை எடுத்துவிட்டால் மறு இணைப்புக் கொடுக்கலாம் என்று முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த மட்டும் சந்தோஷம்.

மணிக்கு அடுத்த ஜன்னல். அங்கே இருந்தவர் சாப்பிடப் போய்விட்டார். போர்ட் லூயியிலேயே டிராங்கெபார் பேட்டையில் என் சித்தப்பா மகன் வீடு இருக்கிறது. வெயிலில் அங்கே நடந்து போய் ஒரு டீ குடித்துவிட்டு, கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி நடந்து வந்தேன். பிள்ளை பிடிக்கிறவன் என்று நினைத்தார்களோ என்னவோ, டிராங்கெபார் சந்துகளில் தாய்மார்கள் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

ஜன்னலில் ஆள் வந்திருந்தார்.

"அங்கீகாரம் பெற்ற மணியைத்தான் இணைக்கலாம்" என்றார்.

"எது அங்கீகாரம் பெற்ற மணி?"

"நாங்க சோதிச்சு முத்திரை போட்டது."

"நல்லது. இதைச் சோதிச்சு முத்திரை போடுங்க." கோணியை அவிழ்த்தேன்.

"சோதிக்கணும்னா கம்பியில இணைக்கணும், முசே."

"இணைங்க. இங்கே இல்லாத கம்பியா?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அங்கீகாரம் இல்லாத மணியை எப்படிக் கம்பியில இணைக்கிறது? பா காஞ் த்ருவா."

என் வாயில் ஒரு பேச்சு வந்தது. அதை இங்கே அச்சிட முடியாது. கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்று நம் முன்னோர்கள் சொன்னது சும்மா இல்லை. அவர்களும் ஏதோ ஜன்னலுக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள்.

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

"விண்ணப்பம் கொடுத்துட்டுப் போங்க. சீமையிலேர்ந்து ஆபீஸ் மணி வரும்போது யோசிப்பாங்க."

"எப்போ வரும்?"

"கப்பல் வரும்போது."

எந்தக் கப்பல் என்று கேட்கவில்லை. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, மணியைத் திரும்பவும் சுமந்துகொண்டு ரயிலேறினேன். வழியெல்லாம் கரும்பு நிறைந்த வாகன்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றைப் பார்க்கும்போதும் முனியம்மா அக்காவின் முகம் வந்தது. எனக்கு அழுகையாகவே வந்துவிட்டது. கோபம் வந்தால் எனக்கு அழுகை வரும். பார்வதிக்குத் தெரியும்.

புதன்கிழமை காலையில் பூசாரியைப் பிடித்து வந்தேன். அவர் என்னைப்போல் இல்லை, சங்கதியை ஒரு நொடியில் தீர்த்தார். சூடம் காட்டி, காப்பைப் பெட்டியிலிருந்து அவிழ்த்து, கூடத்து வாசற்கால்மேல் கட்டினார்.

"காப்பு ஊருக்குத்தான், பெட்டிக்கு இல்லை. அது இங்கிருந்து பார்த்துக்கும்" என்றார்.

இதை முதல் நாளே கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? முதல் நாள் அவர் வேறு ஊரில் கோயில் விசேஷத்தில் இருந்தார். ஆபத்துக்குப் பூசாரியும் கிடைக்கவில்லை, அதிகாரியும் கிடைக்கவில்லை. நாம் வாங்கி வந்த வரம் அப்படி.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் வந்தார். பெட்டியில் பழம் இல்லை என்று பார்த்தார். வாசற்காலில் தொங்கிய பழத்தையும் பார்த்தார். அது விதிப் புத்தகத்தின் எல்லைக்கு வெளியே என்று புரிந்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கும்பிடு போட்டார். கம்பத்தில் ஏறிக் கம்பியை இணைத்தார். டெலிபோனுக்கு உயிர் வந்தது.

ஆனால் மாமரத்து மணி? அது கோணிக்குள் கிடந்தது. மில் பேசினால் தோட்டத்துக்கு யார் சொல்வது? பழைய கதை பழையபடி.

அப்போதுதான் பார்வதி சமையலறையிலிருந்து வந்து, இன்ஸ்பெக்டரிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"தம்பி, சங்கு ஊதலாமா?"

"என்ன சங்கும்மா?"

"சாமி ரூம்ல இருக்கிற சங்கு. அது உங்க கம்பியில சேராது. மில்லு பேசினா நான் வாசல்ல நின்னு ஊதுவேன். தோட்டத்துக்குக் கேட்கும்."

அவர் விதிப் புத்தகத்தை எடுத்தார். புரட்டினார். பின்பக்கத்தில் பார்த்தார். மறுபடியும் முன்பக்கத்துக்கு வந்தார்.

"சங்கைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லம்மா" என்றார். அவர் குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

மூன்று நாளில் முதல் தடவையாக பா காஞ் த்ருவா கேட்காமல் ஒரு வேலை முடிந்தது! உடனே முனியம்மா அக்காவிடமும் வேலாயுதனிடமும் போய்ச் சொன்னேன். சங்குச் சத்தம் கேட்டால் வாகன் வந்துவிட்டது என்று அர்த்தம், உடனே வண்டியைப் பூட்டு. அவ்வளவுதான் ஏற்பாடு. ஊரில் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உங்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். எங்களுக்குத்தான் புரியவில்லை.

எங்கள் ஊரில் சங்கு எப்போது கேட்கும்? வெள்ளிக்கிழமைகளில் கிராண்ட் பேயிலிருந்து மீன்காரர் வருவார். தெருமுனையில் நின்று ஊதுவார். அது மீன். மற்ற நாளில் சங்கு கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

வியாழக்கிழமை. வெயில் ஏறத் தொடங்கிய நேரம். நான் என் தோட்டத்தில் இருந்தேன். பார்வதி ஊதினாள். சும்மா சொல்லக் கூடாது, என்ன மூச்சு! நீட்டி, நிறுத்தி, மறுபடியும் நீட்டி... முழங்காலில்தான் அவளுக்குக் கோளாறு, நெஞ்சில் இல்லை. கரும்பு இலைகூட நடுங்கியது.

வாகன் வந்துவிட்டது! கத்தியைப் போட்டுவிட்டு முனியம்மா அக்காவின் தோட்டத்தைப் பார்த்து ஓடினேன். வண்டிப் பாதையில் திரும்பினால், எதிரே ஊரே வருகிறது. ஆண்கள் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டிருக்கிறார்கள். பெண்கள் தலையை அவிழ்த்துவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டு வருகிறார்கள். எல்லாரும் என் வீட்டைப் பார்த்துப் போகிறார்கள். என் வீட்டுச் சாவுக்கு ஊர் ஒரு பக்கம் ஓடுகிறது, நான் மறுபக்கம் ஓடுகிறேன்.

வண்டிக்கார முருகேசன்தான் முதலில் என்னைப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"ஆயோ! அண்ணே... உங்களுக்குத்தானே ஊதினாங்க!"

"எனக்கா?"

"உங்க வீட்ல ஊதுது. ஊதுறது அண்ணி. அப்ப செத்தது நீங்கதானே?"

கணக்கில் தப்பு சொல்ல முடியாது. கூட்டத்தில் எல்லைத் தகராறினால் வருஷக்கணக்காக என்னோடு பேசாத பக்கத்துத் தோட்டக்காரரும் இருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றவர், என்னை உயிரோடு பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு பேர் கையில் கூடை வைத்திருந்தார்கள். அவர்கள் மீன் என்று நினைத்து வந்தவர்கள். நான் சாகாததில் அவர்களுக்குத்தான் ஏமாற்றம் குறைவு.

அதற்குள் பார்வதி நொண்டிக்கொண்டே பாதிவழி வந்துவிட்டாள்.

"யாரும் சாகல! மில்லு பேசிச்சு! முனியம்மாக்கா வாகன் பலான்ஸ்ல நிக்குதாம். மத்தியானத்துக்குள்ள ஏத்தலைன்னா அடுத்த ஊருக்குத் தள்ளிடுவாங்களாம்!"

மத்தியானத்துக்குள்ளா? முனியம்மா அக்காவிடம் இருப்பது ஒரே வண்டி. வேலாயுதன் உதவினாலும், நான் உதவினாலும், பொழுது சாயும்வரை ஏற்றினாலும் பாதிக்குமேல் தேறாது. தோட்டத்திலிருந்து ஓடி வந்த அக்கா பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. வாடிக் கிடந்த கரும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். நேரத்துக்குக் கேட்டும் பயன் இல்லையா?

கூட்டம் கலைய ஆரம்பித்தது. "சரி, ஒண்ணும் இல்லையே, போகலாம்" என்று ஆளாளுக்குத் திரும்பினார்கள். பார்வதி குறுக்கே நின்றாள். கையில் இன்னும் சங்கு.

"எங்கே போறீங்க? சாவு வீட்டுக்குன்னு கிளம்பிட்டீங்க. எப்படியும் தலை முழுகாம யாரும் வீட்டுக்குள்ள போக முடியாது. முழுகறது முழுகறீங்க, கரும்பைத் தூக்கிட்டு முழுகுங்க!"

முருகேசன் முதலில் சிரித்தான். அப்புறம் தன் வண்டியைத் திருப்பினான். அவனைப் பார்த்து அடுத்த வண்டி. வண்டி இல்லாதவர்கள் கட்டுக் கட்டாகத் தலையில் தூக்கினார்கள். என் சாவுக்கு அவிழ்ந்த கூந்தல்கள் முடியப்பட்டு, மேலே சும்மாடு ஏறியது. பக்கத்துத் தோட்டக்காரர் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல், என்னோடு சேர்ந்தே கட்டுத் தூக்கினார். கூடைக்காரர்கள் சிந்தின துண்டுகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டார்கள்.

வெயில் உச்சிக்கு வருவதற்குள் வாகன் நிறைந்தது. நிறுக்கிறவர் ஒரு கரும்பை ஒடித்து முகர்ந்து பார்த்தார். கொஞ்சம் வாட்டம்தான் என்றார். ஆனால் எடுத்துக்கொண்டார். வாகன் நகர்ந்தபோது முனியம்மா அக்காவின் கண் நிறைந்துவிட்டது. எனக்கும்தான். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தம்பி, நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். ஆனா வருஷத்துக்கு ஒரு தடவை, வெட்டுக் காலத்துல, இப்படிக் கொஞ்சம் செத்துக் குடு."

இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். மற்ற தேசங்களில் முடிந்திருக்கும்.

சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் மறுபடியும் வந்தார். முகம் தொங்கியிருந்தது. பார்வதி மில்காரர் பேச்சைக் கேட்டுவிட்டு, ரிசீவரைக் கொக்கியில் மாட்ட மறந்துவிட்டிருக்கிறாள். அது தொங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. வாசல் அங்கிருந்து எட்டும் தூரம். எக்ஸ்சேஞ்சில் இணைப்புக் கொடுக்கும் இளம்பெண், அந்த மத்மசேல், பேசி முடித்தார்களா என்று பார்க்கக் காதைக் கொடுத்திருக்கிறாள். அந்தச் சமயம் பார்த்து...

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். பார்வதி ஊதியது நல்ல காது உள்ளவள் காதில். பாவம், அன்று முழுக்க அவள் யாருக்கும் சரியான இணைப்புக் கொடுக்கவில்லையாம். போலீஸைக் கேட்டவர்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி கிடைத்திருக்கிறது.

"சங்கு கம்பியில சேரலதானே? நீங்கதானே புத்தகத்துல இல்லைன்னு சொன்னீங்க?" என்றேன்.

"சேரல முசே. ஆனா பக்கத்துல இருக்கே!" அவர் டேப்பை எடுத்துப் பெட்டிக்கும் வாசலுக்கும் நடுவே அளந்தார். எழுதினார். இனிமேல் தெருவில் நின்று ஊத வேண்டும், ரிசீவரை மாட்டிவிட்டு ஊத வேண்டும் என்றார். பார்வதி சரி என்றாள். பிறகு அவர் கொஞ்சம் தயங்கிவிட்டு, "சங்கை ஒரு தடவை ஆபீஸுக்கு எடுத்துட்டு வந்து காட்டச் சொல்றாங்க" என்றார்.

நான் எழுந்து உள்ளே போய்விட்டேன். கோபம் வந்தால் எனக்கு என்ன வரும் என்றுதான் சொன்னேனே.

"அந்த மணி விண்ணப்பம் என்ன தம்பி ஆச்சு?" என்று பார்வதி கேட்பது காதில் விழுந்தது.

"பரிசீலனையில இருக்கும்மா."

"அது வர்றதுக்குள்ள இவருக்கு நான் நிஜமாவே ஊதிடுவேன் போலிருக்கு."

ஊதட்டும். மணிக்கு இன்னும் முத்திரை விழவில்லை, சங்குக்கு இனிமேல்தான் சோதனை. ஆனால் எனக்கு ஊதினால் ஊரே ஓடி வரும் என்பது மட்டும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது!